சூரை மீனும் சிறு தீவுகளும்: ஒரு பேச்சுவார்த்தையின் முன்னேற்பாடுகள்



நமது வீட்டுச் சம்பலுக்கு இடித்துச் சேர்க்கும் மாசிக் கருவாடு எந்த மீனிலிருந்து கிடைக்கிறது என்று கேட்டால், சூரையிலிருந்து என்று இல்லத்தரசிகள் உடனே கூறிவிடுவர். மாலைதீவுக் கடலில் திரியும் அந்தச் சூரையின் இனத்தாரே பசுபிக் சமுத்திரத்திலும் பெருங்கூட்டங்களாகத் திரிகின்றனர். பேணிகளில் அடைக்கப்பட்டு உலகக் கடைகளிலெல்லாம் விற்கப்படும் மீன் அது. அந்த மீனின் பொருட்டுப் பதினாறு நாடுகள் ஒரு பக்கமாகவும் ஐக்கிய அமெரிக்கா மறுபக்கமாகவும் 1984ஆம் ஆண்டு தொடங்கி 1986ஆம் ஆண்டு வரை பேசின. அந்தப் பேச்சுக்குச் சிறு தீவுகள் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொண்டன என்பதே இன்றைய உரையின் பொருள்.

தென் பசுபிக்கின் தீவு நாடுகள் எவ்வளவு சிறியன என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். கிரிபாத்தி என்னும் நாட்டின் நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றுசேர்த்தால் 811 சதுர கிலோமீற்றர். நமது யாழ்ப்பாண மாவட்டத்தினும் அது சிறிது. நௌரு 21 சதுர கிலோமீற்றர், துவாலு 26. ஆயினும் நிலத்திலிருந்து 200 கடல் மைல் வரை கடலையும் ஒரு நாட்டின் பொருளாதார எல்லையாகக் கொண்டால், கிரிபாத்திக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் சதுர கிலோமீற்றர் கடல் வந்து சேர்கிறது. மண்ணால் வறியவர், நீராற் செல்வர். நௌருவுக்குப் பொசுபேற்று இருந்தது. மற்றப் பலருக்குக் கொப்பராவைத் தவிர விற்பதற்கு வேறு பொருள் அதிகம் இல்லை. எனவே கடலில் ஓடும் சூரை யாருக்கு உரியது என்ற வினா அவர்களுக்கு வெறும் சட்ட வினாவன்று. பாடசாலைக்கு ஆசிரியரும் மருத்துவசாலைக்கு மருந்தும் கிடைக்குமா என்ற வினா.

200 மைல் எல்லை என்னும் கொள்கை அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மகாநாடு 1973ஆம் ஆண்டு தொடங்கியது. அம்மகாநாட்டுக்கு 1980ஆம் ஆண்டு மரணமாகும் வரை தலைமை தாங்கியவர் நமது நாட்டவரான ஹமில்ட்டன் ஷேர்லி அமரசிங்க அவர்கள் என்பதை நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். அவருக்குப் பின் சிங்கப்பூரின் டொமி கோ தலைமை ஏற்று 1982ஆம் ஆண்டு டிசம்பரில் யமேய்க்காவின் மொன்ரேகோ பேயிற் சமவாயத்தைக் கையொப்பத்துக்குக் கொண்டுவந்தார்.

அமெரிக்கா 200 மைல் எல்லையை முழுவதும் மறுத்தது என்று சொல்வதற்கில்லை. 1976ஆம் ஆண்டிலேயே தனது கரையோர மீன்வளத்துக்கு 200 மைல் எல்லையை அது சட்டத்தால் வகுத்துக்கொண்டது. ஆனால் அச்சட்டத்திற் சூரை இனத்துக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தது. சூரை ஓரிடத்திற் தங்குவதில்லை. இன்று ஒரு நாட்டின் நீரிலும் நாளை இன்னொரு நாட்டின் நீரிலும் நீந்துகிறது. ஆகவே அதனை எந்தக் கரையோர அரசும் சொந்தம் கொண்டாட முடியாது. பிடிப்பவனுக்கே அது உரியது. இதுவே வாஷிங்டனின் வாதம். சன் டியேகோ நகரத்துச் சூரைக் கப்பற் சொந்தக்காரர்களுக்கு இந்த வாதம் மிகவும் உவப்பானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வாதத்துக்குப் பின்னால் தண்டமும் இருந்தது. அமெரிக்கச் சூரைக் கப்பலொன்றை எந்த நாடாவது பிடித்தால், அந்த நாட்டின் மீனை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்வதற்குத் தடை விதிக்கவேண்டும் என்று அதே சட்டம் கூறிற்று. பிடிபட்ட கப்பலுக்காகச் சொந்தக்காரர் கட்டும் அபராதத்தை அரசாங்கமே ஈடுசெய்வதற்கு வேறொரு சட்டம் 1954ஆம் ஆண்டு தொட்டே இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிறர் கடலில் அனுமதியின்றி வலை வீசும் மாலுமிக்கு நட்டம் எதுவும் இல்லை. அவனைப் பிடிக்கும் ஏழை நாட்டுக்கே நட்டம்.

1982ஆம் ஆண்டு பப்புவா நியூகினி ‘டனிக்கா’ என்னும் அமெரிக்கக் கப்பலைப் பிடித்தது, தடை வந்தது. 1984ஆம் ஆண்டு யூன் மாதம் சொலமன் தீவுகள் ‘ஜெனெற் டயானா’ என்னும் கப்பலைப் பிடித்தன. ஹொனியாரா நீதிமன்றம் கப்பலைப் பறிமுதல் செய்தது. ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்கா சொலமன் மீனுக்குத் தடை விதித்தது. அந்தச் சிறு நாட்டின் ஏற்றுமதிகளில் மீன் முக்கியமான ஒன்று. பறித்த கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முடிவில் அது பழைய சொந்தக்காரருக்கே விற்கப்பட்டது. அதன் பின்னரே தடை நீங்கியது. இந்த நிகழ்ச்சி தீவுகளெங்கும் உண்டாக்கிய மனக்கசப்பு கொஞ்சமன்று.

ஆனால் கசப்பினால் மட்டும் ஒரு பேச்சுவார்த்தை வெற்றிபெறாது. தீவுகளின் ஆயத்தம் இக்கப்பல்கள் பிடிபடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1971ஆம் ஆண்டு வெலிங்டன் நகரில் ஏழு நாடுகள் கூடித் தென் பசுபிக் மன்றத்தை அமைத்தன. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதில் அங்கம் வகித்தபோதிலும், தீவுத் தலைவர்கள் தம் விருப்பப்படி அரசியல் பேசுவதற்கு அமைந்த முதல் மேடை அதுவே. 1977ஆம் ஆண்டு போட் மோர்ஸ்பியிற் கூடிய மன்றம், அங்கத்தவர் அனைவரும் 200 மைல் எல்லையைப் பிரகடனம் செய்வதென்றும், மீன்வளத்துக்கெனப் பொது நிலையமொன்றை நிறுவுவதென்றும் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு நியுவே தீவில் நடந்த கூட்டத்திலேதான் உண்மையான சோதனை வந்தது. புதிய நிலையத்தில் அமெரிக்காவையும் ஓர் அங்கத்தவராகச் சேர்க்கலாமா என்பது கேள்வி. அமெரிக்கப் பணமும் நட்பும் வேண்டும் என்று சில தலைவர்கள் கருதினர். சூரை எங்களுடையது என்பதை ஒப்புக்கொள்ளாத ஒருவரை, அந்தச் சூரையைப் பற்றி நாங்கள் தனியே பேசவேண்டிய அறைக்குள் எப்படி விடுவது என்று மற்றவர்கள் கேட்டனர். ஈற்றில் நிலையம் மன்றத்தவருக்கு மட்டுமே உரியது என்று முடிவாயிற்று. 1979ஆம் ஆண்டு ஹொனியாராவில் அதன் சமவாயம் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. மன்ற மீன்பிடி முகவர் நிலையம் என்பது அதன் பெயர்.

என் எண்ணத்தில், முழுக் கதையிலும் மிக முக்கியமான தீர்மானம் இதுவே. 1978இல் கதவைத் திறந்து விட்டிருந்தால், பின்னர் மேசைக்கு எதிர்ப்புறம் அமரவேண்டியவர் ஆரம்பத்திலிருந்தே இவர்களுடைய ஆலோசனைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். பெரியவரோடு பேசுவதற்கு முன்னர் சிறியவர் தமக்குள்ளே பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு வாடகை யார் கொடுக்கிறார் என்பதிலும் கவனம் வேண்டும்.

தமக்குள்ளே பேசுவதற்கு விடயமும் நிறைய இருந்தது. தீவுகள் எல்லாம் ஒரே நிலையில் இருக்கவில்லை. பூமத்தியரேகையை அண்டிய பப்புவா நியூகினி, சொலமன், மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், நௌரு, கிரிபாத்தி ஆகியவற்றின் நீரிலேதான் சூரைக் கூட்டங்கள் செறிந்து திரியும். தெற்கே தொங்கா, மேற்குச் சமோவா, நியுவே முதலிய நாடுகளின் நீரிற் சுருக்குவலைக் கப்பலுக்கு வேலை குறைவு. மீன் உள்ளவனுக்குத் தனியாக விலை பேசும் ஆசை. மீன் குறைந்தவனுக்குச் சமபங்கு பெறும் ஆசை. 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீன் மிகுந்த நாடுகள் ஏழு நௌருவில் ஒரு தனி உடன்பாடு செய்துகொண்டன. மன்றத்துக்குள் ஒரு சிறு மன்றம் உண்டானது போல் இது தோன்றியது. கூட்டு உடையப்போகிறது என்று ஐயுற்றவர்களும் உண்டு. ஆனால் நடந்தது வேறு. தமக்குள்ளே ஒரே விதமான நிபந்தனைகளை வகுத்துக்கொண்ட அந்த எழுவரே பின்னர் முழுக் கூட்டுக்கும் முதுகெலும்பாக நின்றனர்.

அந்நிபந்தனைகளைப் பார்க்கும்போது, இவை இராசதந்திரமா அன்றி எழுதுவினைஞர் வேலையா என்று கேட்கத் தோன்றும். அந்நியக் கப்பல் ஒவ்வொன்றும் இன்ன அடையாளத்தை இன்ன இடத்தில் எழுதவேண்டும்; எல்லைக்குள் வரும்போதும் போகும்போதும் அறிவிக்கவேண்டும்; பிடித்த மீனின் கணக்கை நாள்தோறும் குறிக்கவேண்டும்; தீவரசு அனுப்பும் பார்வையாளரை ஏற்றிச் செல்லவேண்டும். 1983ஆம் ஆண்டு இதனோடு ஒரு பிரதேசப் பதிவேடும் சேர்ந்தது. ஒரு நாட்டின் நீரிற் களவாக மீன் பிடித்த கப்பலின் பெயருக்குப் பதிவேட்டில் நற்சான்று நீக்கப்பட்டால், வேறு எந்தத் தீவும் அதற்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கமாட்டாது. போர்க்கப்பல் இல்லாத நாடுகள் இவை. 200 மைல் கடலைக் காவல் செய்ய ஓரிரு சுற்றுக்காவற் படகுகளே இருந்தன. சிலருக்கு அவையும் இல்லை. அவர்கள் கண்டுபிடித்த ஆயுதம் ஒரு கணக்குப் புத்தகம். அது நன்றாகவே வேலை செய்தது.

அறிவியற் பக்கத்திலும் ஆயத்தம் இருந்தது. நூமியாவிலிருந்த தென் பசுபிக் ஆணைக்குழு 1977 முதல் 1981 வரை சூரை மீன்களைப் பிடித்து, சிறு அடையாளம் செருகி, மீண்டும் கடலில் விட்டு ஆராய்ந்தது. இவ்வாறு விடப்பட்டவை ஓரிலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் சில வெகு தூரத்தில் மீண்டும் பிடிபட்டன. மீன் நாடு விட்டு நாடு செல்கிறது என்ற அமெரிக்க வாதத்துக்கு இது சான்றாகவும் அமைந்தது. ஆகவே அது செல்லும் வழியிலுள்ள நாடுகள் எல்லாம் சேர்ந்தே அதனை ஆளவேண்டும் என்ற தீவுகளின் வாதத்துக்கும் சான்றாக அமைந்தது. ஒரே உண்மையிலிருந்து இரண்டு முடிவுகள். எதிரியின் வாதத்தை மறுக்காமல் அதன்மேலேயே ஏறி நின்று பேசுவதற்கு இந்த ஆராய்ச்சி வழிசெய்தது.

இதற்கிடையில் அமெரிக்கக் கப்பல்களின் போக்கும் மாறிற்று. 1982, 1983ஆம் ஆண்டுகளில் எல் நினோ என்னும் வெப்ப நீரோட்டத்தினாற் கிழக்குப் பசுபிக்கிற் சூரை குறைந்தது. சன் டியேகோக் கப்பல்கள் மேற்கு நோக்கித் திரும்பின. அவற்றின் சங்கம் சில தீவுகளோடு தனித்தனி உடன்பாடு செய்து ஒரு தொகையைக் கட்டியது. ஏனையோரின் நீரிற் சில கப்பல்கள் எதுவும் கட்டாமலே நுழைந்தன. அவ்வுடன்பாடுகள் காலாவதியாகும் வேளை நெருங்கிற்று. கப்பற்காரருக்கும் ஒரு பொது ஒழுங்கு தேவைப்பட்டது. வாஷிங்டனுக்குத் தீவுகளின் கசப்பை ஆற்றவேண்டிய தேவையும் இருந்தது. 1984ஆம் ஆண்டு பேச்சுக்கள் தொடங்கின.

தீவுகளின் சார்பில் முகவர் நிலையமே எழுத்து வேலைகளைச் சுமந்தது. அதன் பணிப்பாளர் மேற்குச் சமோவாவைச் சேர்ந்த பிலிப் முல்லர். பதினாறு அரசுகளின் உடன்பாட்டைப் பெற்றே எதையும் சொல்லவேண்டும். வாக்கெடுத்து ஒருவரைத் தோற்கடிக்கும் வழக்கம் அங்கே இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவதே பசுபிக் மரபு. இது காலத்தை விழுங்கும் முறைதான். ஆனால் ஒரு முறை ஒத்துக்கொண்டபின் ஒருவரைப் பிரித்தெடுப்பது கடினம். பெரிய வல்லரசு சிறிய கூட்டோடு பேசும்போது கையாளும் பழைய உபாயம், கூட்டில் இருவரைத் தனியே அழைத்து அதிகம் கொடுப்பது. அந்த உபாயத்துக்கு இங்கே இடம் குறைவாக இருந்தது.

முழுவதும் இல்லாமற் போகவில்லை. 1985ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கிரிபாத்தி ஒரு புதிய காரியம் செய்தது. சோவியத் யூனியனின் பதினாறு கப்பல்கள் தனது நீரில் ஓராண்டு மீன் பிடிக்க அனுமதி கொடுத்து, ஏறத்தாழ பதினைந்து இலட்சம் அமெரிக்க டொலர் பெற்றது. தரையில் இறங்க அவற்றுக்கு உரிமை இல்லை. இது வணிகமேயன்றி அரசியலன்று என்பதே அதிபர் இயரெமியா தபாய் கூறிய விளக்கம். கன்பராவிலும் வெலிங்டனிலும் கலக்கம். கிரிபாத்தியிலேயே திருச்சபையினரும் எதிர்க்கட்சியினரும் ஆட்சேபித்தனர். வாஷிங்டனில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அதே ஆண்டு மன்றத்தவர் தென் பசுபிக்கை அணுவாயுதமற்ற வலயமாக்கும் உடன்படிக்கையை ரறொத்தொங்காவில் நிறைவேற்றியிருந்தனர். நியூசிலாந்து அணுக்கப்பல்களைத் துறைமுகத்துள் விட மறுத்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தனக்கே உரிய குளம் என்று அமெரிக்கா எண்ணியிருந்த கடலில், மாஸ்கோவின் வலை விழுந்துவிட்டது.

இதைக் கொண்டு, தீவுகள் பெற்ற வெற்றி முழுவதும் ரஷ்யப் பூச்சாண்டியால் வந்ததே என்று சிலர் எழுதுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. அவசரம் வந்தது மாஸ்கோவினால் என்பது உண்மை. ஆனால் அவசரப்பட்டு வந்த அமெரிக்கர் எதிரே கண்டது, நிபந்தனைகளும் பதிவேடும் மீன் கணக்கும் பங்கீட்டு யோசனையும் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த ஒரு கூட்டை. அந்த ஆயத்தம் இல்லாதிருந்தால், வாஷிங்டன் கிரிபாத்திக்கு மட்டும் ஒரு தொகையைக் கொடுத்து விடயத்தை முடித்திருக்கலாம். ரஷ்ய உடன்பாடோ ஓராண்டில் முடிந்துவிட்டது. புதுப்பிக்கும்போது கட்டணத்தைக் குறைக்க அவர்கள் கேட்டனர், கிரிபாத்தி உடன்படவில்லை. 1987 சனவரியில் வனுவாத்து அவர்களோடு தனியாக உடன்பாடு செய்துகொண்டது.

பத்தாவது சுற்றுப் பேச்சு 1986ஆம் ஆண்டு ஒக்ரோபரில், தொங்காவின் தலைநகரான நுக்குவலோபாவில் முடிவுற்றது. தொகை ஐந்தாண்டுக்கு அறுபது மில்லியன் டொலர். ஆண்டுக்குப் பன்னிரண்டு மில்லியன். அதில் இரண்டு மில்லியன் கப்பற்காரர் தருவது. பத்து மில்லியன் அமெரிக்க அரசாங்கம் தருவது. இங்கேதான் இராசதந்திரத்தின் நுட்பத்தைக் காணலாம். சூரைக்கு உரிமைக் கட்டணம் செலுத்துவதில்லை என்பது அமெரிக்காவின் கொள்கை. உரிமைக் கட்டணம் இன்றி வலை வீச விடுவதில்லை என்பது தீவுகளின் கொள்கை. ஆகவே அரசாங்கப் பணம் பொருளாதார உதவி என்ற பெயரில், உடன்படிக்கையோடு இணைந்த வேறோர் ஒப்பந்தத்தின் வழியாக முகவர் நிலையத்துக்கு வந்தது. கொடுத்தவர் அதை உதவி என்று எழுதிக்கொண்டார். பெற்றவர் அதைக் கட்டணம் என்று எண்ணிக்கொண்டார். பணம் ஒன்றே.

பங்கீட்டுக்கும் ஒரு வழி கண்டனர். பொதுச் செலவு போக, நூற்றுக்குப் பதினைந்து பங்கு எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கப்படும். மீதி, மீன் எவருடைய நீரிற் பிடிபட்டதோ அவருக்கு அந்த அளவிற் போகும். மீன் மிகுந்தவனும் குறைந்தவனும் ஒரே கூட்டில் இருப்பதற்கு இந்தப் பதினைந்து பங்கே காரணம் என்று சொல்லலாம். தமக்குள் இதைத் தீர்த்துக்கொள்வது, அமெரிக்கரோடு தீர்ப்பதிலும் இலேசாக இருந்திராது.

பணத்தைவிட, என் கருத்திற் பெறுமதி மிக்கது வேறொன்று. தன் கப்பல்கள் இவ்வுடன்படிக்கையை மீறாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அமெரிக்க அரசாங்கம் தானே ஏற்றது. தீவரசு ஒன்று முறையிட்டால் விசாரித்து அறிக்கை தரவேண்டும். களவாக வலை வீசிய மாலுமியின் அபராதத்தைக் கட்டிவந்த அரசாங்கம், இப்போது அவனைத் தேடிப் பிடிக்கும் அரசாங்கமாயிற்று.

1987ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி போட் மோர்ஸ்பியில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1988 யூன் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. சூரை எவருக்கும் சொந்தமன்று என்ற பழைய வாதத்தை அமெரிக்கா அன்றே கைவிடவில்லை. 1990ஆம் ஆண்டு தன் சட்டத்தைத் திருத்தி, தனது நீரிலுள்ள சூரையும் தனக்கே உரியது என்று அது எழுதிக்கொண்டது. அதன்பின் பிறருக்கு அதே உரிமையை மறுக்க வழியில்லாது போயிற்று.

நௌருவிற் கூடிய மீன் மிகுந்த நாடுகள் பின்னர் துவாலுவையும் சேர்த்து எட்டு ஆயின. மீனுக்கு விலை பேசுவதை விட்டு, மீன் பிடிக்கும் நாட்களுக்கு விலை பேசும் முறையை அவை 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தின. ஒரு கப்பல் ஒரு நாள் தங்கள் நீரில் நிற்பதற்கு இவ்வளவு. மீன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் அது கட்டவேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு மில்லியனாயிருந்த அமெரிக்கக் கொடுப்பனவு 2013ஆம் ஆண்டில் அறுபத்து மூன்று மில்லியன் டொலராக உயர்ந்தது. விலை தாளாது என்று கப்பற்காரர் முறையிட, 2016 சனவரியில் அமெரிக்கா உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தலும் கொடுத்தது. தீவுகள் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை. அவ்வாண்டின் முதல் வாரங்களில் அமெரிக்கக் கப்பல்கள் தீவுகளின் நீருக்குள் நுழைய முடியாமல் நின்றன. மீண்டும் பேச்சு நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பிஜியின் நந்தி நகரில், திருத்திய உடன்படிக்கையில் இரு பக்கத்தாரும் கையொப்பமிட்டனர்.